படகுக்கு ஒரு நம்பர்: பெரியாற்று ஏரியிலிருந்து வைகை அணைப் பரிசல் வரை

கூட்டமைப்பில் கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கின அத்தனை பேருக்கும் காதுவில்லை என்றால் என்னவென்று தெரியும். கால்நடை டாக்டர் வந்து மாட்டின் காதில் ஒரு வில்லையைக் குத்துவார். அதில் 12 இலக்க எண் இருக்கும். மாடு செத்துப் போனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்த வில்லையைத்தான். "என் மாடுதான், ஊருக்கே தெரியும்" என்று அழுதாலும் வேலைக்கு ஆகாது. வில்லை இருந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. நம்ம சங்கங்களில் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர்.

சரி, படகுக்கு அப்படி ஒரு வில்லை உண்டா? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஆண்டிபட்டிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர். வீட்டுக்காரர் வைகை அணையில் பரிசலில் போய் வலை போடுகிறவர். சங்கக்கடனில் எடுத்த பரிசல் ஒரு வெள்ளத்தில் கயிறு அறுத்துக்கொண்டு போய்விட்டது. பத்து நாள் கழித்துக் கீழ்க்கரையில் ஒரு பரிசல் ஒதுங்கிக் கிடந்தது. "இது எங்களது" என்று இவர் சொல்ல, "இல்லை, எங்களது" என்று இன்னொரு வீட்டார் சொல்ல, தார் பூசிய பரிசல் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்! கடைசியில் ஆளுக்குப் பாதி விலை என்று பஞ்சாயத்துப் பேசி முடித்தார்கள். கடன் மட்டும் முழுசாக இவர் பேரில் இருந்தது. "மாட்டுக்குக் குத்துறாங்க, பரிசலுக்கு ஏன்க்கா குத்தல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

கம்பம் பள்ளத்தாக்கில் படகைப் பற்றி என்ன சரித்திரம் இருக்கப்போகிறது என்று நினைக்கலாம். நமக்குக் கடல் இல்லை, பெரிய நதிப் போக்குவரத்தும் இல்லை. ஆனால் நாம் குடிக்கிற தண்ணீரே ஒரு காலத்தில் படகில் ஏறி வந்த கல்லாலும் சுண்ணாம்பாலும் தேக்கிய தண்ணீர்தான். 1887 முதல் 1895 வரை கர்னல் பென்னிகுயிக் தலைமையில் பெரியாற்று அணை கட்டினபோது, அணை இடம் நடுக்காட்டில் இருந்தது. கூடலூர்ப் பக்கம் மலையடிவாரத்துக்குச் சாமான் வந்து சேரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலை ஏற்றினார்கள். தேக்கடியிலிருந்து அணை இடம் வரைக்கும் ஆற்றையே கால்வாய் மாதிரி ஒழுங்கு செய்து, படகுகளில் சுமையேற்றிக் கொண்டு போனார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கட்டுமானம் அது. மலேரியாவிலும் காலராவிலும் வேலைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். அப்புறம்தான் நம்ம பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் என்று இன்றைக்கும் பேசுகிறோம். நாற்று நடப் போகிற பொம்பளைகளுக்குக் கூலி கிடைப்பதும் அந்தக் கணக்கில்தான்.

சுமை தூக்கிய அந்தப் படகுகளுக்கு எண் இருந்ததா இல்லையா என்பது நமக்கு வந்து சேரவில்லை. அணை பெயர் நின்றது, பென்னிகுயிக் பெயர் நின்றது. நம்ம பக்கம் பிள்ளைகளுக்கே பென்னிகுயிக் என்று பேர் வைக்கிறோம். படகோட்டினவன் பெயர் எங்கும் நிற்கவில்லை.

ஆற்றை மறித்ததும் காடு முங்கியது. முங்கின மரங்களின் மொட்டைக் கட்டைகள் இன்றைக்கும் தேக்கடி ஏரியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நீர்மட்டம் இறங்கும்போது தெரியும், ஏறும்போது மறையும். போட்டோ எடுக்க அழகு, படகோட்டுகிறவனுக்குக் கண்ணி. ஏரி இருப்பது கேரளத்தில், தண்ணீர் நமக்கு. 1886 அக்டோபர் 29 ஒப்பந்தப்படி 999 வருடக் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய். 1970இல் திருத்த ஒப்பந்தம் போட்டபோது குத்தகை 30 ரூபாய் ஆனது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்கிற உரிமை ஒப்பந்தத்தில் ஏறியது. அதே கையோடு ஏரியில் மீன்பிடிக்கிற உரிமை கேரளத்துக்குப் போனது. அப்போது அதை யாரும் பெரிசாகப் பேசினதாகத் தெரியவில்லை. கரண்டு கிடைத்த சந்தோஷத்தில் மீனைக் கணக்கில் எடுக்கவில்லை போல.

அதற்கப்புறம் அந்த ஏரியில் நம்ம பக்கத்துப் படகு என்றால் பொதுப்பணித் துறையின் படகாகத்தான் இருந்தது. அணைக்குப் போய்ப் பார்க்கிற இன்ஜினியர்களை ஏற்றிப்போகும் 'கண்ணகி', 'ஜலரத்னா' என்ற பேர்கள் நம்ம ஊர்ப் பேப்பரில் அடிக்கடி வரும். பின்னால் 'தமிழன்னை' என்று ஒரு படகு புதிதாக வாங்கினார்கள். கேரளத்தின் அனுமதி கிடைக்காமல் அது வருடக்கணக்கில் தேக்கடிக் கரையிலேயே கட்டிக்கிடந்தது. பேர் எவ்வளவு பெரிசாக வைத்தாலும் காகிதம் சரியாக இருந்தால்தான் தண்ணீரில் ஓட முடியும்.

இனி சொல்லப்போவது நம்மில் பலருக்குக் கண் முன்னால் நிற்கிற விஷயம். 2009 செப்டம்பர் 30. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்கு ஃபைபர் படகு, சாயங்கால சவாரியில் மணக்கவலை என்ற இடத்தில் கவிழ்ந்தது. ஓட ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகாத புதுப்படகு. 75 பேர் போகலாம் என்ற படகில் 80க்கும் மேல் ஆட்கள். கரையில் காட்டு மாடுகளைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து போனார்கள், படகு சாய்ந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். மிதவைச் சட்டை யார் உடம்பிலும் இல்லை. 45 பேர் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் நிறைய. பல மாநிலத்து ஆட்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. அன்றைக்கு ராத்திரி குமுளிச் சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை.

நீதிபதி மொய்தீன் குஞ்சு தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தார்கள். படகின் வடிவமைப்பே சரியில்லை, ஆள் அதிகம், பாதுகாப்பு ஏற்பாடு போதாது என்று பல கோளாறுகள் வெளியே வந்தன. கேரளம் 2010இல் உள்நாட்டுப் படகுகளுக்குப் புது விதிகள் கொண்டுவந்தது. இப்போது தேக்கடிக்குப் போனால் சட்டையை மாட்டிவிட்ட பிறகுதான் உட்கார விடுவார்கள். வழக்கு மட்டும் வருடக்கணக்கில் இழுத்தது.

இதை நான் இங்கே எழுதக் காரணம் உண்டு. ஒரு படகு கவிழ்ந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. இதைச் செய்தது யார்? எந்த மாதம், எந்த வருடம்? எத்தனை பேர் ஏறலாம் என்று யார் சொன்னது? மிதக்கவிட்டுச் சாய்த்துப் பார்த்தது யார்? கையெழுத்துப் போட்டது யார்? இதற்கெல்லாம் பதில் ஆபீஸ் அலமாரியில் மட்டும் இருந்தால் போதாது, படகின் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க வந்த யோசனை.

இந்த யோசனை பழசு. பிரிட்டிஷ்காரர்கள் 1855 முதல் தங்கள் கொடியில் ஓடிய கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைப் பெயின்ட்டில் எழுதினால் செல்லாது. கப்பலின் பிரதான உத்தரத்தில் வெட்டிச் செதுக்க வேண்டும். வீட்டுக்கு உத்தரம் எப்படியோ, கப்பலுக்கும் அப்படித்தான். அதைப் பிடுங்கினால் கப்பல் கப்பலாக இருக்காது. கப்பலின் பேரை மாற்றலாம், முதலாளி மாறலாம், துறைமுகம் மாறலாம், உத்தரத்து எண் மாறாது. 1876இல் இன்னொரு குறியும் வந்தது. சாமுவேல் பிலிம்சால் என்ற எம்.பி. போராடி, கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு போட வைத்தார். சரக்கு ஏற்றும்போது அந்தக் கோடு தண்ணீருக்குள் முங்கக் கூடாது. இன்சூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்டு ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மீறி ஏற்றி அனுப்புகிற முதலாளிகளை எதிர்த்து வந்த கோடு அது. ஒரு குறி 'இது யாருடையது' என்று சொல்லும், மற்றது 'இதற்கு மேல் ஏற்றாதே' என்று சொல்லும். ஜலகன்யகாவை நினைத்துக்கொண்டு படித்தால் இரண்டும் ஏன் வேண்டும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பெரிய கப்பல் கதை இது. சின்னப் படகுக்கு வர ரொம்ப நாளானது. அமெரிக்காவில் 1971இல் படகுப் பாதுகாப்புச் சட்டம் போட்டு, 1972 நவம்பரிலிருந்து செய்கிற படகு ஒவ்வொன்றிலும் நிலையான எண் பதிக்க வேண்டும் என்றார்கள். மொத்தம் 12 எழுத்து. நம்ம மாட்டுக் காதுவில்லையும் 12 தான், தற்செயல்தான் இது. முதல் 3 எழுத்து படகு செய்த கம்பெனி. அடுத்த 5 அந்தக் கம்பெனியின் வரிசை எண். பிறகு மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. கடைசி 2 எந்த வருட மாடல் என்பது. வரிசை எண்ணில் சில ஆங்கில எழுத்துகளைச் சேர்க்கவே மாட்டார்கள். ஐ என்பது 1 மாதிரித் தெரியும், ஓவும் கியூவும் சைபர் மாதிரித் தெரியும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். சங்கத்துக் கணக்கு நோட்டில் 1க்கும் 7க்கும் சண்டை போட்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எங்கே பதிப்பார்கள்? படகின் பின்பலகையில், வெளிப்பக்கம், வலது மேல் ஓரத்தில். எழுத்து கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஃபைபர் படகு என்றால் வார்க்கும்போதே அச்சில் சேர்த்துவிடலாம். மரம், அலுமினியம் என்றால் செதுக்கலாம், அல்லது தகடு அடிக்கலாம். எப்படிச் செய்தாலும், அதைச் சுரண்டி எடுத்தால் சுரண்டின தழும்பு தெரிய வேண்டும் என்பதுதான் விதியின் உயிர். 1984க்குப் பிறகு இன்னொரு வேலையும் சேர்த்தார்கள். அதே எண்ணைப் படகுக்குள் வெளியே தெரியாத ஓர் இடத்திலும் பதிக்க வேண்டும். திருடன் வெளியே இருப்பதைச் சுரண்டுவான், உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் நம்ம ஆத்தாமார் வெண்கல அண்டாவின் கழுத்தில் பேர் வெட்டினதோடு நிற்காமல், அடியிலும் ஒரு புள்ளி வைத்து வாங்குவார்களே, அதே புத்திதான்.

நம்ம நாட்டில் இந்த விஷயத்தை எல்லாரும் நிமிர்ந்து பார்க்க வைத்தது ஒரு கெட்ட சம்பவம். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல். வந்தவர்கள் 'குபேர்' என்ற போர்பந்தர் மீன்பிடிப் படகை நடுக்கடலில் பிடித்து, அதில்தான் மும்பைப் பக்கம் வந்தார்கள். இந்தியப் படகு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் காற்றடித்த ரப்பர் படகில் கரை இறங்கினார்கள். அந்த ரப்பர் படகில் இருந்த யமஹா இயந்திரத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டே போனபோது, விசாரணை கராச்சி வரைக்கும் சென்றது. ஒரு மோட்டாரில் இருந்த எண் அவ்வளவு தூரம் பேசியது.

அதற்குப் பிறகு கடலோர மாநிலங்கள் எல்லாவற்றிலும் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரே மாதிரி எண் வந்தது. இராமேஸ்வரம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். படகின் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஐஎன்டி - டிஎன் - 10 - எம்எம்' என்று தொடங்கி ஒரு எண் இருக்கும். முதலில் நாடு, பிறகு மாநிலம், பிறகு இடம், பிறகு படகின் வகை. எம்எம் என்றால் விசைப்படகு. வெளியே மோட்டார் மாட்டிய நாட்டுப்படகுக்கு வேறு எழுத்து, மோட்டாரே இல்லாத வள்ளத்துக்கு வேறு எழுத்து. பதிவு இருந்தால்தான் மானிய டீசல், பதிவு இருந்தால்தான் நிவாரணம். எல்லை தாண்டினதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகை மீட்க, உரிமையாளர் அங்கே கோர்ட்டில் ஆவணத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது. ஆவணத்தில் இருக்கிற பேரும் எண்ணும் படகில் இருக்கிற எண்ணும் ஒத்துப்போக வேண்டும். மீட்க முடியாமல் அங்கேயே மக்கிப்போன படகுகள் ஏராளம். அதற்கு எண் மட்டும் காரணம் இல்லை, அது வேறு பெரிய கதை. ஆனால் எண் இல்லாதவனுக்கு வாசற்படியே கிடையாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இராமேஸ்வரத்துப் படகில் எழுதியிருப்பது பெயின்ட். அது பதிவு எண், நம்ம வண்டி நம்பர் பிளேட் மாதிரி. நான் மேலே சொன்ன 12 எழுத்து, வண்டியின் சேஸிஸ் நம்பர் மாதிரி, உடம்போடு பிறந்தது. டிவிஎஸ் 50 வாங்கினபோது ஆர்.சி. புத்தகத்தில் இரண்டும் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். நம்பர் பிளேட்டை ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் கழற்றலாம். பழைய வண்டி வாங்கப் போகிற விவரமான ஆள் முதலில் சேஸிஸைத் தடவிப் பார்ப்பார். படகுக்கு இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. சின்னப் படகுகளுக்குப் பெயின்ட் எண்ணோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது சரியில்லை. உப்புத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் பெயின்ட் எத்தனை நாள் தாங்கும்?

கடலுக்கு இவ்வளவு நடந்தது. நம்ம அணைக்கும் கண்மாய்க்கும்? 1917இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. அதன் பேரே உள்நாட்டு நீராவிப் படகுச் சட்டம். நீராவி, பிறகு மோட்டார், இதுதான் அதன் கண்ணுக்குத் தெரியும். துடுப்புப் போடுகிறவன் அந்தச் சட்டத்தில் ஆளே இல்லை. ஒகேனக்கல் மாதிரி சுற்றுலாப் பரிசல் ஓடுகிற இடத்தில் உள்ளூர் நிர்வாகம் உரிமம் கொடுக்கிறது. மற்ற இடத்தில் பரிசல் என்பது மரத்தில் கட்டிய தூளி மாதிரி, யாரும் கேட்பதில்லை.

2021இல் அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, உள்நாட்டுக் கலங்கள் சட்டம் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். மோட்டார் வைத்த கலங்களுக்குப் பதிவு, சோதனைச் சான்று, நாடு முழுக்க ஒரே கணினிப் பதிவேடு. அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. மோட்டார் இல்லாத கலங்களுக்கும் தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். உள்ளாட்சி மட்டத்திலேயே அவற்றைப் பதிந்து, சான்று கொடுத்து, எண் கொடுக்கலாம் என்று இருக்கிறது. எந்த நீர்நிலை, எந்த மாதிரிக் கலம், யார் பதிவது என்பதை மாநிலம் வகுத்துச் சொல்ல வேண்டும். 104 வருடம் கழித்தாவது துடுப்புக்காரனைச் சட்டம் திரும்பிப் பார்த்தது.

இப்போது ஆண்டிபட்டித் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். பரிசலுக்கு எங்கே எண் குத்துவது? பரிசல் வட்டம், அதற்குப் பின்பலகை கிடையாது, முன் எது பின் எது என்றே கிடையாது. மூங்கில் பிளாச்சைப் பின்னி, முன்னெல்லாம் தோல் போர்த்தினார்கள், இப்போது தார்ப்பாயோ பிளாஸ்டிக் சாக்கோ வைத்துத் தைத்துத் தார் பூசுகிறார்கள். அடித்துணி கிழிந்தால் மாற்றுவார்கள். அதில் எண் எழுதினால் துணியோடு போகும். ஆகவே எண் மூங்கிலோடு சேர வேண்டும். விளிம்பு வளையம் இருக்கிறதே, அதுதான் பரிசலின் உத்தரம். அது மாறினால் பரிசலே புதுசு என்று அர்த்தம். பழுக்கக் காய்ச்சின கம்பியால் விளிம்பில் சூடு போட்டுவிட்டால், தழும்பு இல்லாமல் அழிக்க முடியாது. ஒரு பித்தளைத் தகட்டில் எண் வெட்டி, உள்பக்கப் பின்னலுக்கு நடுவே கம்பி போட்டு முறுக்கிவிட்டால், அது மறைவான இரண்டாவது எண். ஃபைபர் பரிசல் வாங்குகிறவர்கள் வார்க்கும்போதே கேட்டு வாங்கிவிடலாம்.

இதை வட்டாரக் கூட்டத்தில் பேசினபோது எல்லாரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. "நம்பர் போட்டா வரி போடுவாங்க" என்றார் ஒரு அக்கா. இருக்கலாம், அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. "நம்ம வீட்டுக்காரரு பரிசலுக்கு நாம ஏன் நம்பர் போடணும், அவுக போட்டுக்கிறட்டும்" என்றார் இன்னொருவர். அதற்குப் பின்வரிசையிலிருந்து வந்த பதில் தீர்மான நோட்டில் ஏறவில்லை, ஆனால் எனக்கு மறக்கவில்லை: "கடன் யாரு பேர்ல இருக்குதோ அவுக பேர்லதான் பரிசலும் இருக்கணும். தவணை கட்ட மட்டும் என் பேரு, கரையில கட்ட அவரு பேரா?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு கூட்டம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. அரசாங்கப் பதிவு வரும்போது வரட்டும். அதுவரைக்கும் சங்கக்கடனில் வாங்குகிற பரிசலுக்கு நாமே ஒரு எண் வைப்போம். முதலில் ஊராட்சியின் குறி, பிறகு சங்கத்தின் வரிசை எண், பிறகு வாங்கின மாதமும் வருடமும். கடைசியில் ஏறக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை. இந்தக் கடைசி இலக்கம் அமெரிக்காக்காரன் எண்ணில் இல்லாதது, நாங்களாகச் சேர்த்தது. தேக்கடியை நினைத்துத்தான் சேர்த்தோம். சொத்துப் பதிவேட்டில் மாட்டுக்கும் தையல் மெஷினுக்கும் அடுத்து பரிசலுக்கு என்று ஒரு பக்கம் திறந்திருக்கிறோம். உரிமையாளர் என்ற இடத்தில் உறுப்பினர் பேர். சூடு போட்ட விளிம்பை போட்டோ எடுத்து ஒட்டியிருக்கிறது. இந்த மலர் அச்சுக்குப் போகும் வரை அந்தப் பக்கத்தில் 3 பரிசல் ஏறியிருக்கிறது. நாலாவது பரிசலுக்கு மூங்கில் வந்துவிட்டது, விளிம்பு கட்டின அன்றைக்குக் கம்பி காய்ச்சுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.